ஞாயிற்றுக்கிழமை உப்பு

7

விஷயத்தைச் சொல்வதற்கு முன்னால் காபி கொடுக்கிற வீட்டைக் கோதண்டம் நம்புவதில்லை. ஆவடியில் ஒரு தொழிற்சாலை கேட்டில் நின்று, வேலை முடிந்து போகிறவன் இடுப்பையும் டிபன் கேரியரையும் தடவித் தடவியே தலை நரைத்த ஆள் அவர். சலாம் போட்டுச் சிரித்துக்கொண்டு வருகிறவன் சோற்றுக்கு அடியில்தான் பித்தளைத் துண்டு இருக்கும். படிப்பு அவருக்கு அவ்வளவாகக் கிடையாது. சந்தேகம் மட்டும் தேவைக்கு மேலே இருந்தது. வேலையை விட்ட பிறகு அதை வைத்துத்தான் அக்கம்பக்கத்து வில்லங்கங்களைத் துலக்கிக்கொண்டிருந்தார்.

கோவில்பதாகையில் பார்த்தசாரதியின் வீட்டுக் கூடத்தில் அவர் உட்கார்ந்தும் உட்காராமலும் இருந்தார். வெளியே ஐப்பசி மழை அடித்து ஊற்றியது. பக்கத்தில் கஜபதி நகத்தைக் கடித்துத் துப்பிக்கொண்டிருந்தான். அவருக்கு மொபெட் ஓட்டுகிறவன், எடுபிடி, ஓயாத வாய். அதே கேட்டில் அவர் கையாலேயே பித்தளையோடு பிடிபட்டு வேலை போனவன். "உலகத்துல நான் நம்புற ஒரே ஆளு இவன்தான். இவன் இன்னா திருடுவான்னு எனக்குத் தெரியும்" என்று கோதண்டம் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார்.

இன்று அந்த வாயும் அடங்கிக் கிடந்தது. காரணம், பின்கட்டுப் படியில் நனைந்துகொண்டு உட்கார்ந்திருந்த பூங்காவனம். இந்த வீட்டில் வேலை செய்கிறவள். கஜபதியின் அக்கா.

"மழை விட்டதும் நான் ஸ்டேஷனுக்குப் போறேன்" என்றார் பார்த்தசாரதி. கப்பலில் சீஃப் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். பேச்சு முழுக்க உத்தரவு. "தெருவுல தண்ணி நிக்குது, கார் கிளம்பல. அதனாலதான் அவ இன்னும் இங்க உட்கார்ந்திருக்கா. நீங்க கேட்டு உண்மையை வரவழைச்சா நல்லது. இல்லேன்னா போலீஸ் வரவழைக்கும்."

"அக்கா எடுக்கல சார்" என்றான் கஜபதி.

"உன் பேச்சை நான் கேட்கணுமா? குடும்பமே அப்படி."

கஜபதி ஜன்னலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். "வருண பகவானே, நிறுத்திடாதேப்பா" என்று முணுமுணுத்தது கோதண்டத்துக்கு மட்டும் கேட்டது.

பார்த்தசாரதியின் மனைவி பார்வதம் காபியை எடுத்துக்கொண்டு வந்தாள். இடது கையில் டம்ளரை உயரத் தூக்கி, ஒரு சொட்டுச் சிந்தாமல் நீளமாக இழுத்து ஆற்றினாள்.

"வலது கை இல்லையா உனக்கு? வந்தவங்க முன்னால..." என்றார் புருஷன். அவள் சட்டென்று டம்ளரைக் கை மாற்றி நீட்டினாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பல வருஷத்துப் பழக்கம் போல.

"பொருளைக் காட்டுங்க" என்று எழுந்தார் கோதண்டம்.

பின்னறையில் நின்றது ஒரு பழைய ஃபிரிட்ஜ். உள்ளே கம்பித் தட்டுகளைக் கழற்றிவிட்டு மரச் சட்டம் அடித்து, பாட்டில்களைப் படுக்க வைத்திருந்தார்கள். மேலே இரண்டு வரிசை பாட்டில். கீழ்த்தட்டு காலி. நடுவில் காற்றின் ஈரத்தை அளக்க, கடிகாரம் மாதிரி ஒரு முள் வட்டம். அதன் பக்கத்தில் பித்தளைக் கிண்ணம் நிறையக் கல்லுப்பு, மேலே லேசாகத் தண்ணீர்.

"சாராயத்துக்குத் தொட்டுக்க உப்பா சார்?" கஜபதிக்கு வாய் திரும்ப வந்துவிட்டது.

"சாராயம் இல்லடா, ஒயின்." பார்த்தசாரதி பல்லைக் கடித்தார். "ஊர்க் காத்துல ஈரம் சொட்டுது. ஆனா இந்தப் பெட்டிக்குள்ள இருக்கிற குளிர் அந்த ஈரத்தை எல்லாம் உறிஞ்சித் தண்ணியா இறக்கிடும். உள்ள காத்து காய்ஞ்சு போயிடும். காத்து காய்ஞ்சா பாட்டில் தக்கை சுருங்கும், ஒயின் புளிச்சுக் காடியாயிடும். ஈரம் கூடிப்போனாலும் தொல்லை, பூஞ்சை பிடிச்சு லேபிள் உரிஞ்சு வரும். அதுக்குத்தான் ஈர உப்பு. அது காத்தை ஒரே நிலையில பிடிச்சு வெச்சுக்கும். முள்ளைப் பாருங்க, சரியா நிக்குது. ஆக, இது தானாக் கெட்டுப்போன கேஸ் இல்ல."

"பின்னே?"

"எம் பொண்ணு வனஜா பிறந்த வருஷத்து பாட்டில். கப்பல் கேப்டன் என் கையில கொடுத்தது. போன ஞாயித்துக்கிழமை அவளுக்கு நிச்சயதார்த்தம். சம்பந்தி உலகநாதன் பாண்டிச்சேரிக்காரர், ஃபிரெஞ்சுப் பட்டாளத்துல இருந்தவர். அவர் முன்னாடி திறக்கிறேன், தக்கை தூள் தூளா உதிருது. பாட்டில்ல பாதிக் கழுத்துக்குச் சரக்கு இல்ல. வாயில வெச்சா காடி. அந்த மனுஷன் நாகரிகமாத் துப்பினார் பாருங்க, அந்த இடத்துலயே நான் செத்தேன்." பித்தளைக் கிண்ணத்தை விரலால் தட்டினார். "யாரோ தக்கையைப் பிடுங்கிக் குடிச்சுட்டு, காடியை ஊத்தித் திரும்பச் சொருகியிருக்காங்க. இந்தக் கிண்ணத்துக்குத் தண்ணி ஊத்துறவ பூங்காவனம். அவ புருஷன் குடிகாரன். வேற யாரு?"

"நீங்க எப்பப்ப உள்ள பாப்பீங்க?"

"ஞாயித்துக்கிழமை தவறாம. முள்ளு நகர்ந்ததே கிடையாது."

"மத்த நாள்ல?"

"எதுக்கு? அதான் சரியா இருக்கே."

கோதண்டத்துக்குத் தொழிற்சாலை ஞாபகம் வந்தது. கேட்டில் அவருக்கு மேலே இருந்த ஆபீசர் ஒருவர் மாதா மாதம் முதல் திங்கள் சோதனைக்கு வருவார். முதல் திங்களன்று ஒரு ஆணிகூட வெளியே போகாது. மற்ற நாளில் பட்டறையே நடந்து போகும். நாள் குறித்துச் சோதனை போடுகிறவன் பார்ப்பதெல்லாம் அந்த நாளுக்காக ஜோடித்து வைத்ததைத்தான்.

அவர் குனிந்து, கதவோரத்து ரப்பர் மடிப்பை விரலால் பிரித்துக்கொண்டே போனார். ஓரிடத்தில் ஒரு கறுப்பு எள் ஒட்டியிருந்தது. கீழ்த்தட்டின் மூலையில் இன்னொன்று கிடைத்தது. கண்ணாடி மாதிரி ஒரு பொடிக் கல், வெளிறிய ரோஜா நிறம்.

"எள்ளு!" கஜபதி காதோரம் கிசுகிசுத்தான். "சரக்குக்குத் திதி குடுத்துட்டானுங்களா நைனா? இது இன்னா, கல்கண்டா?"

"வாயில போட்டுடாதடா எருமை." கோதண்டம் இரண்டையும் பீடிக்கட்டுக் காகிதத்தில் மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். "வண்டியை எடு. ஃபேக்டரி குவார்ட்டர்ஸுக்குப் போறோம்."

போகிற வழியில் பூங்காவனத்தின் முன்னால் நின்றார். "எதாவது சொல்றதுன்னா இப்பவே சொல்லும்மா."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். பிறகு அவருக்குப் பின்னால், சமையலறை வாசலைப் பார்த்தாள். "ஒண்ணும் இல்லீங்க" என்று தலையைக் குனிந்துகொண்டாள்.

பொய் சொல்கிறவன் தரையைப் பார்த்துவிட்டுத்தான் பொய் சொல்வான். இவள் வேறு யாரையோ பார்த்துவிட்டுச் சொல்கிறாள். கோதண்டத்துக்கு அது பிடிக்கவில்லை.

மொபெட் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போயிற்று. பின்னால் உட்கார்ந்து குடையைப் பிடித்திருந்த கோதண்டம் முழுசாக நனைந்தார். குடை பாதி வழியில் மேல்நோக்கி மலர்ந்துவிட்டது.

"நைனா, அந்தக் கல்லு இன்னான்னாவது சொல்லு."

"மெஷின் பெட்டிக்குள்ள துரு ஏறாம இருக்கச் சின்னப் பையில போட்டு வருமேடா, நீலக்கல்லு. காத்துல கீற ஈரத்தை எல்லாம் குடிக்கும். குடிச்சு வவுறு ரொம்பிட்டா ரோஸாயிடும். பெட்டியைப் பிரிச்சதும் குப்பையில கடாசுவாங்க. அத்த எடுத்துக்கினு போறவனை மட்டும் நான் கேட்டுல மறிச்சதில்ல."

"அடப்பாவி, அது தெரிஞ்சிருந்தா நான் பித்தளையைத் தொட்டே இருக்க மாட்டனே!"

"ஈரம் வேணும்னு உப்புக் கிண்ணம் வெச்ச பெட்டிக்குள்ள, ஈரத்தைக் குடிக்கிற கல்லுக்கு இன்னா வேலை? அதான் கேள்வி."

குவார்ட்டர்ஸ் வாசலில் ஜமீலாவின் பெட்டிக்கடை. தார்ப்பாயில் தேங்கின தண்ணீரைக் கம்பால் குத்தித் தள்ளிக்கொண்டிருந்தாள்.

"வா அண்ணாத்தே. மழையில குளிக்க இடம் தேடிக்கினு வந்தியா?"

கோதண்டம் காகிதத்தைப் பிரித்தார். ஜமீலா எட்டிப் பார்த்ததும் சிரித்தாள். "இதுக்கா இவ்ளோ தூரம்? இங்க அது இல்லாத ஊடு ஏது? அப்பள டின்னுல ஒரு பை, வத்தல் டின்னுல ஒரு பை. ரோஸா ஆனா வாணலில போட்டு வறுப்பாங்க, திரும்ப நீலமாயிடும். எங்க ஊட்லயே ரெண்டு கீது."

எங்கும் இருக்கிற பொருள் எதற்கும் சாட்சி ஆகாது. கோதண்டம் பலகையில் தொப்பென்று உட்கார்ந்தார். உட்கார முடியாமல் உடனே எழுந்தார். மேற்கே வானம் வெளுக்க ஆரம்பித்திருந்தது. கஜபதி அதையே வெறித்துக்கொண்டு நின்றான்.

"கடிக்க எதாவது குடும்மா. பொறை இருக்கா?"

"பொறை, பிஸ்கோத்து எல்லாம் நமத்துப் பஞ்சாக் கீது. முறுக்குத் துன்னு."

கண்ணாடி ஜாடியிலிருந்து ஒரு கை முறுக்கு எடுத்துக் கொடுத்தாள். கோதண்டம் கடித்தார்.

நொறுங்கிற்று. மழைச் சத்தத்தையும் மீறிக் கேட்டது அந்த நொறுங்கல். ஊரில் தீப்பெட்டிகூட உரசினால் பற்றாத நாளில், இப்போதுதான் எண்ணெயிலிருந்து எடுத்தது போல. கோதண்டம் மெல்லுவதை நிறுத்தி, கையிலிருந்த மிச்சத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். மாவு முழுக்கக் கறுப்பு எள்.

"எப்ப போட்டது இது?"

"போன வாரத்துச் சரக்கு அண்ணாத்தே. ஒரு வருஷமா இதான் இங்க பேச்சு. அடைமழையிலயும் நமக்காத முறுக்கு. குவார்ட்டர்ஸ் பொம்பளைங்க அடிச்சுக்கினு வாங்கிறாங்க."

"யாரு குடுக்கிறது?"

ஜமீலா கஜபதியைப் பார்த்தாள். "இன்னாடா, தெரியாத மாதிரி நிக்கிற? உங்க அக்காதான். சனிக்கிழமை ஆனா பூங்காவனம் கூடையோட வந்துடுவா."

கஜபதியின் முகம் செத்துப்போயிற்று. சனிக்கிழமை கூடை வெளியே வருகிறது. ஞாயிற்றுக்கிழமை முள் சரியாக நிற்கிறது. அவனுக்கும் கணக்கு புரிந்துவிட்டது.

"நைனா... அக்கா உப்பை எடுத்துட்டு முறுக்கு வெச்சிருக்கும். குடிக்கல. சத்தியமாக் குடிச்சிருக்காது. இத்தப் போயி அந்தாளாண்ட சொல்லாத நைனா. நாலு ஊட்ல வேலை செய்யுது அது. பேரு போச்சுன்னா ஒரு ஊட்லயும் படி ஏத்த மாட்டாங்க. அந்தாளு ஊட்டுக் கேட்டுல வெச்சுத் திருடின்னு கத்துனாரு, தெருவே கேட்டுச்சு."

"உங்க அக்கான்ற ஒண்ணுக்காக நான் கண்ணை மூடிக்குவேன்னு நெனைக்காத. உன்னையே பிடிச்சுக் குடுத்தவன் நான்."

"தெரியும். அதான் பயமா கீது."

கோதண்டம் முறுக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எதுவோ உறுத்திற்று. ஜாடியிலிருந்து இன்னொன்றை எடுத்தார். இன்னொன்று. "ஜமீலா, இந்தச் சுத்து இன்னா ஒரு மாதிரி கீது?"

"அத்த ஏன் கேக்கிற! எல்லாம் திருப்பிப் போட்டாப்பல கீது. நம்ம ஊட்ல சுத்துனா இப்படிப் போவும்" என்று காற்றில் வலப்பக்கமாக விரலைச் சுழற்றினாள். "இது எல்லாமே பின்னால போவுது. ஆனா வாய்க்குள்ள போனா எந்தப் பக்கம் போனா இன்னா?"

கோதண்டம் கஜபதியின் பக்கம் திரும்பினார். "டேய், உங்க அக்கா உன்னை அறைஞ்சிருக்காளா?"

"இப்ப எதுக்கு நைனா அது? வேலை போன அன்னிக்கு அறைஞ்சுச்சு. அதுக்கு முன்னால, அறையாத நாள் எது?"

"எந்தக் கன்னம்?"

கஜபதி யோசிக்கவே இல்லை. கை தானாக இடது கன்னத்துக்குப் போயிற்று. "எல்லா வரவும் இங்கதான். அந்தக் கன்னம் புத்தம்புதுசா கீது."

எதிரில் நிற்கிறவனின் இடது கன்னத்தில் அறைகிறவள் வலது கைக்காரி. கோதண்டம் முறுக்கை மடியில் கட்டிக்கொண்டார். "வண்டியை எடு."

"எங்க?"

"காபியை ஆத்துன ஊட்டுக்கு."

பாதி வழியில் மழை விட்டுவிட்டது. கஜபதி வானத்தைப் பார்த்துச் சொன்னதை இங்கே எழுத முடியாது.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது பார்த்தசாரதி ஷூ மாட்டிக்கொண்டிருந்தார். பூங்காவனம் அதே படியில் இருந்தாள். பார்வதம் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"என்ன தெரிஞ்சுது?"

"இன்னொரு பாட்டிலைத் திறங்க" என்றார் கோதண்டம்.

"விளையாடறீங்களா? ஒவ்வொண்ணும்..."

"திறங்க சார். ஒருத்தி குடிச்சா ஒரு பாட்டில் குடிப்பா. எல்லாம் ஒரே மாதிரி கெட்டிருந்தா அது குடிகாரன் வேலை இல்ல."

பார்த்தசாரதி முறைத்தபடி ஒன்றை எடுத்துத் தக்கை பிடுங்கும் திருகாணியைச் செருகினார். தக்கை உளுத்த மரம் மாதிரி உதிர்ந்தது. முகர்ந்தார். முகம் மாறியது. அடுத்ததை எடுத்தார். அதுவும் அப்படியே. மூன்றாவதைத் தொடாமல் திருகாணியைக் கீழே வைத்தார்.

"யாரும் குடிக்கல. தக்கை தாகத்துல செத்துக் கீது" என்றார் கோதண்டம். "வாரம் பூரா உப்பு வெளியே இருந்துச்சு. உள்ள ஈரம் குடிக்கிற கல்லு இருந்துச்சு. சனிக்கிழமை திரும்ப மாத்திடுவாங்க. ஞாயித்துக்கிழமை நீங்க வந்து முள்ளைப் பாத்துட்டு மீசையைத் தடவிக்கினு போவீங்க. திருட்டு நடக்கல. எங்க வேலை முடிஞ்சுது."

"முடியல!" பார்த்தசாரதி கத்தினார். "யார் செஞ்சது? என் இருபது வருஷத்துச் சேமிப்பு! யாரு?"

கோதண்டம் வாயைத் திறப்பதற்குள் படியிலிருந்து குரல் வந்தது.

"நான்தாங்கய்யா."

பூங்காவனம் எழுந்து நின்றாள். "முறுக்கு சுட்டு விக்கிறேன். நமக்காம இருக்க உள்ள வெச்சேன். உப்பை நான்தான் எடுத்தேன். ஸ்டேஷனுக்கு வரேங்க."

"அக்கா!" என்றான் கஜபதி.

"சும்மா இருடா."

பார்த்தசாரதி குடையை எடுத்தார். கோதண்டம் மடியை அவிழ்த்து, முறுக்கை மேஜைமேல் ஒன்றொன்றாக வைத்தார். எல்லாச் சுற்றும் இடப்பக்கம் பார்த்துப் போயிற்று.

"போறதுக்கு முன்னால இவ கையால ஒரு முறுக்கு சுத்திக் காட்டட்டும் சார். மாவு உங்க ஊட்லயே இருக்கும்."

பூங்காவனத்தின் கண்ணில் அப்போதுதான் பயம் வந்தது. வலது கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

பார்வதம் சுவரை விட்டு நகர்ந்து மேஜைக்கு வந்தாள். இடது கையை நீட்டி, ஒரு முறுக்கை எடுத்தாள். வலது கைக்கு மாற்றிக்கொள்ளவில்லை.

"இது என் கை" என்றாள் புருஷனிடம். "அவ கூடை மட்டும்தான் தூக்கினா. யார்கிட்டயும் சொல்லாதேன்னு நான்தான் சத்தியம் வாங்கியிருந்தேன். அவ காப்பாத்திட்டா. நான்தான் ஞாயித்துக்கிழமையிலேர்ந்து வாயைத் திறக்காம நின்னுட்டேன்."

"நீயா? முறுக்கு விக்கிறியா? சீஃப் இன்ஜினியர் வீட்டுப் பொம்பளை..."

"இப்படிக் கேட்பீங்கன்னுதான் ஒளிச்சு வெச்சேன். நீங்க கப்பல்ல இருந்த காலமெல்லாம் இந்தக் கை அது பாட்டுக்கு இருந்தது. நீங்க வந்தப்புறம் இதை ஒளிக்கிறதே வேலையாப் போச்சு. வீட்டுல நீங்க தொடாத இடமாத் தேடினேன். வாரத்துல ஆறு நாள் நீங்க தொடாதது அந்தப் பெட்டி ஒண்ணுதான். தக்கை காயும்னு நீங்க சொன்னது தெரியும். அஞ்சாறு நாள்ல என்ன ஆயிடப்போகுதுன்னு நெனைச்சேன். அது என் தப்பு. அதுக்கு நான் ஸ்டேஷனுக்கு வரேன். கார் கிளம்புதான்னு பாருங்க."

பார்த்தசாரதி உட்கார்ந்துவிட்டார். குடை காலடியில் விழுந்தது. மேஜைமேல் திறந்து கிடந்த பாட்டில்களையும் மனைவியின் இடது கையையும் மாறி மாறிப் பார்த்தார். இரண்டையும் முதன்முறையாகப் பார்க்கிறவர் போல இருந்தது.

கோதண்டம் அவருக்கு அவகாசம் கொடுக்கவில்லை. பெரிய மனுஷன் யோசிக்க ஆரம்பித்தால் நியாயம் கெட்டுவிடும் என்பது அவர் அபிப்பிராயம்.

"சார், கேட்டுல நின்னு திருடின்னு சொன்னீங்க. இல்லேன்னு உள்ள சொன்னா தெருவுக்குக் கேக்காது."

பார்த்தசாரதி எழுந்தார். மாட்டின ஷூவோடு, குடை இல்லாமல், கணுக்கால் தண்ணீரில் கேட் வரை நடந்தார். எதிர்வீட்டில் சாக்கடைக்குக் குச்சி விட்டுக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது.

"பூங்காவனம் எதையும் எடுக்கல" என்றார் பார்த்தசாரதி. கப்பலில் இன்ஜின் சத்தத்தை மீறிப் பேசிப் பழகின குரல். இருந்தாலும் முதல் தடவை சரியாக எழும்பவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு இரண்டாம் தடவை சொன்னார். "எடுக்கல. நான் சொன்னது தப்பு."

பூங்காவனம் பின்படியிலேயே நின்று முகத்தை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். பக்கத்தில் போய் நின்ற தம்பியைத் தலையில் ஒரு தட்டுத் தட்டினாள். வலது கையால்தான்.

கஜபதி மொபெட்டை உதைத்தான். பிடிக்கவில்லை. மறுபடி உதைத்தபோது அவன் சட்டைப்பை புடைத்துக்கொண்டிருந்ததைக் கோதண்டம் பார்த்துவிட்டார்.

"கையைத் தூக்குடா."

"நைனா, இப்பவுமா?"

"தூக்கு."

அவர் பழைய பழக்கத்தில் பையை ஓங்கித் தட்டினார். உள்ளே நொறுங்கிற்று.

"அந்தம்மா குடுத்தது நைனா" என்றான் கஜபதி, தூளை அள்ளி வாயில் போட்டுக்கொண்டே. "இடது கையால. அந்தாளு எதிர்லயே."